மனசு பாரமா இருக்கும்போது சாட்பாட்கிட்ட எப்படி பேசுறது, எங்க நிறுத்துறது: தோட்டத்து ஊர்க்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவுல, பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல மனசு சரியில்லன்னு வாயத் தொறந்து சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. கிளினிக் கவுண்டர்ல உக்காந்திருக்கறது மாமா பொண்ணா இருக்கும், மருந்துக்கு காத்திருக்கறது பழைய தோட்டத்துல நம்ம லயன் வீட்டு வரிசைலயே இருந்த அக்காவா இருக்கும், நாம வீடு வந்து சேர்றதுக்குள்ள சேதி கோயில் வாசல் வரைக்கும் போயிரும். போதாததுக்கு தஞ்சோங் ரம்புத்தான் வேற பக்கத்துலயே. அங்க 1911லேருந்து இருக்குற மனநல ஆஸ்பத்திரி, இப்ப ஹோஸ்பிட்டல் பஹாகியான்னு பேரு, எத்தனையோ பேர சரி பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருக்கு, ஆனா நம்மாளுங்களுக்கு அது இன்னமும் "ஒன்ன அங்கதான் கொண்டுபோய் விடணும்"னு கிண்டல் பண்ற எடம்தான்.

அதனால என்ன ஆகுது, ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் போனை எடுத்து சாட்ஜிபிடி மாதிரி, நாம எழுதுனா மனுஷன் மாதிரியே பதில் எழுதுற சாட்பாட்கிட்ட கொட்றாங்க. நான் டவுன்ல போன் கடை வெச்சிருக்கேன், டாக்டரும் இல்ல கவுன்சலரும் இல்ல, ஆனா "அண்ணே இதுல பேசுனா யாருக்காச்சும் தெரியுமா"ன்னு மெதுவா கேக்குற ஆளுங்கள நெறைய பாக்கறேன். அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். சாட்பாட் வேணாம்னு சொல்லப் போறதில்ல. மனசுல குப்பையா கெடக்கறத வார்த்தையாக்கி, ஒரு மனுஷன்கிட்ட சொல்ற அளவுக்கு தயார் பண்ணிக்க அது நல்ல எடம். அங்கயே குடியிருக்கத்தான் கூடாது. 2023 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 4.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்குன்னு வந்துச்சு, கிட்டத்தட்ட 10 லட்சம் பேரு, 2019ல இது 2.3 சதவீதம்தான். அப்ப உங்களுக்கு மட்டும் வந்த சீக்குன்னு நெனைக்காதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி: இந்த நெலமைல பாட் வேணாம்

செத்துரலாம்னு தோணுது, இல்ல எப்படின்னு யோசிக்கவே ஆரம்பிச்சாச்சுன்னா சாட்பாட்டை மூடிருங்க. உடனே ஆபத்துன்னா 999. பேசணும்னா பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் உண்டு, பேரு சொல்லணும்னு அவசியம் இல்ல, தமிழ் பேசுறவங்க இருக்காங்களான்னு எடுத்த ஒடனே கேளுங்க. சுகாதார அமைச்சோட தாலியான் ஹீல் 15555. புருஷன் அடிக்கிறாரு, வீட்ல கொடுமைன்னா தாலியான் காசே 15999. நம்பரை இப்பவே போன்ல சேவ் பண்ணுங்க, அந்த நேரத்துல தேட கை வராது. வீட்ல இருக்குற மாத்திரை, தோட்டத்து பூச்சி மருந்து எல்லாத்தையும் வேற ஒருத்தர் கைல குடுத்து பூட்டி வெக்கச் சொல்லுங்க, அந்த கெட்ட நேரம் பல சமயம் கொஞ்ச நேரம்தான், அத தாண்டணும் அவ்வளவுதான்.

இன்னொன்னு, "வெளிய சொன்னா போலீஸ் கேஸ் ஆயிரும்"னு பழைய ஆளுங்க பயப்படுவாங்க. முன்னாடி தற்கொலை முயற்சிய தண்டனை சட்டம் 309வது பிரிவு குத்தம்னு வெச்சிருந்துச்சு, 2023ல அத எடுத்துட்டாங்க. பயப்பட வேணாம்.

காதுல கொரல் கேக்குது, யாரோ பின்னாலயே வர்றாங்க, நாலஞ்சு நாளா தூக்கமே இல்ல ஆனா ஒடம்பு பறபறன்னு இருக்கு, இந்த மாதிரி ஆளுங்களும் பாட்கிட்ட போகாதீங்க. நீங்க சொல்றத அப்படியே புடிச்சிக்கிட்டு அது கத வளத்துரும்.

முதல் படி: எது எப்படின்னு தெரிஞ்சுக்கங்க

இது புதுசே இல்ல. 1966லயே அமெரிக்காவுல எம்ஐடில ஜோசப் வைசன்பாம்னு ஒருத்தர் எலிசான்னு ஒரு ப்ரோகிராம் வெளியிட்டாரு. நாம சொன்னதையே திருப்பி கேள்வியாக்கி போடும், அவ்ளோதான் வேலை. அத எழுதுனவரு அவருதான்னு தெரிஞ்சும் அவரோட செக்ரட்டரியே "கொஞ்சம் வெளிய இருங்க, நான் தனியா பேசணும்"னாங்களாம். மனுஷ மனசு அப்படி, காது குடுக்கற மாதிரி இருந்தா போதும். அதுல பயந்துபோயி அந்த மனுஷன் பின்னால இந்த சமாச்சாரத்துக்கே எதிரா எழுத ஆரம்பிச்சிட்டாரு.

இப்ப ரெண்டு வகை இருக்கு. மனநலத்துக்குன்னே செஞ்சது ஒண்ணு, பெங்களூர்ல ஆரம்பிச்ச வைசா மாதிரி. சாட்ஜிபிடி, ஜெமினி, வாட்ஸ்அப்ல இருக்குற மெட்டா ஏஐ எல்லாம் பொதுவானது, சமையல் குறிப்பு கேட்டாலும் சொல்லும் சாவு பயம் சொன்னாலும் பேசும். இதுக்கெல்லாம் பலன் இருக்கான்னு கேட்டா, இருக்கு, ஆனா அளவோட. வோபாட்னு ஒண்ணு, 2017ல 70 இளைஞர்கள வெச்சு ரெண்டு வாரம் பாத்தாங்க, மனச்சோர்வு கொறஞ்சிச்சு. அந்த ஆப்பையே 2025 ஜூன்ல மூடிட்டாங்கங்கறது வேற கதை, நம்பி பழகுன ஆளு திடீர்னு வீட்ட காலி பண்ணிட்டு போன மாதிரி. 2025ல அமெரிக்காவுல டார்ட்மத் காலேஜ்காரங்க தெரபாட்னு ஒண்ண 210 பேரு இருந்த சோதனைல பாத்தாங்க, அதுலயும் நல்ல முன்னேற்றம். ஆனா கவனிங்க, அத வருஷக்கணக்கா இதுக்குன்னே பழக்கியிருக்காங்க, சோதனை நடக்கும்போது பின்னால ஆளுங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. உங்க போன்ல ராத்திரி 2 மணிக்கு பின்னால யாரும் இல்ல. பேப்பர்ல "ஏஐ மனச்சோர்வ குணப்படுத்துது"ன்னு தலைப்பு பாத்தா எந்த ஏஐன்னு கேளுங்க.

என் சிபாரிசு, இங்கிலீஷ் ஓகேன்னா வைசா மாதிரி ஒண்ணு, தமிழ்லதான் வரும்னா சாட்ஜிபிடி இல்ல ஜெமினி. மெட்டா ஏஐ கைக்கு பக்கத்துல இருக்குங்கறதுக்காக அதுல கொட்டாதீங்க. வாட்ஸ்அப்ல நாம ஆளுங்களுக்கு அனுப்புறது கம்பெனிக்கு தெரியாது, ஆனா அந்த நீல வட்டத்துகிட்ட பேசுறது தெரியும், 2025 டிசம்பர்லேருந்து அந்தப் பேச்ச வெச்சு விளம்பரமும் காட்டலாம்.

ரெண்டாவது: போனை சரி பண்ணுங்க

இது என் ஏரியா, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். நம்ம வீடுகள்ல ரகசியம் வெளிய போறது ஹேக்கராலயா போகுது? ஒரே போனை நாலு பேரு தொடுறதால போகுது. புள்ள கேம் வெளையாட எடுக்கும், மருமக டாப்-அப் போட எடுப்பா, அதவிட மோசம், ஒரே கூகுள் அக்கவுண்ட்ட அப்பா போன், அம்மா போன், டேப்லட்னு எல்லாத்துலயும் போட்டு வெச்சிருப்பாங்க, நீங்க இங்க ஜெமினில பேசுனது அங்க டேப்லட்ல ஹிஸ்டரியா நிக்கும். அதனால மொதல்ல உங்களுக்குன்னு தனி ஜிமெயில் ஒண்ணு தொறந்து அதுலதான் லாகின் பண்ணணும். அந்த ஆப்புக்கு மட்டும் தனி லாக் போடுங்க, இப்ப வர்ற ஆண்ட்ராய்டு போன் பலதுலயும் செட்டிங்லயே ஆப் லாக் இருக்கு. நோட்டிபிகேஷன்ல எழுத்து தெரியாம மறைச்சி வைங்க. சாட்ஜிபிடில செட்டிங்ஸ், டேட்டா கன்ட்ரோல்ஸ் போனா "எல்லாருக்கும் மாடலை மேம்படுத்து"ன்னு அர்த்தம் வர்ற ஒரு பட்டன் இருக்கும், அத அணைச்சா உங்க பேச்ச வெச்சு அத பழக்க மாட்டாங்க. டெம்பரரி சாட்னு இன்னொன்னு, அதுல பேசுனா ஹிஸ்டரில நிக்காது, ஆனா கம்பெனிகிட்ட 30 நாள் வரைக்கும் இருக்கலாம்.

போனை ரிப்பேருக்கு குடுக்கும்போது, என் கடைன்னாலும் சரி, மொதல்ல அந்த ஆப்பை லாக்அவுட் பண்ணிட்டு குடுங்க லா.

டாக்டர்கிட்ட பேசுற மாதிரி இதுக்கு சட்ட பாதுகாப்பு இல்ல, சாட்ஜிபிடிய செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனி தலைவர் சாம் ஆல்ட்மனே 2025ல ஒரு பேட்டில இத சொன்னாரு, கேஸ்னு வந்தா கோர்ட்டு கேட்டு வாங்கலாம். அதனால பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், வேலை செய்ற எடம், அடுத்தவங்க பேரு எதுவும் வேணாம். "என் புருஷன்", "சூப்பர்வைசர்", "மூத்த அண்ணன்" போதும்.

மூணாவது: பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கட்டளை போடுங்க

சும்மா "எனக்கு மனசு சரியில்ல"ன்னு ஆரம்பிச்சா பத்து பாயிண்ட்ல அட்வைஸ் வந்து விழும், தண்ணி குடி, யோகா பண்ணு, நண்பர்கள சந்தின்னு, படிக்கவே எரிச்சலா இருக்கும். மொதல்ல இத ஒட்டுங்க, காப்பி பண்ணிக்கலாம்:

"நான் மலேசியா, பேராக்ல ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். பேச்சுத்தமிழ்ல சின்னதா பதில் சொல்லு. ஒரு நேரத்துல ஒரு கேள்விதான் கேக்கணும். நான் கேக்காம அட்வைஸ் வேணாம். நான் சொல்றதுக்கெல்லாம் ஆமா போடாத, தப்பா யோசிச்சா சொல்லு. நோய் பேரு வெக்காத, மருந்து பேரு சொல்லாத. சாகறத பத்தி நான் பேசுனா நிறுத்திட்டு 999, 15555 காட்டு, வேற நாட்டு நம்பர் குடுக்காத."

வேற நாட்டு நம்பர்னு ஏன் போட்டேன்னா, இங்கிலீஷ்ல கேட்டா 988னு அமெரிக்கா நம்பரும், தமிழ்ல கேட்டா இந்தியா நம்பரும் வர வாய்ப்பிருக்கு, நம்ம போன்லேருந்து அடிச்சா போகாது.

ஆமா போடாதன்னு ஏன்னா, இதுங்களுக்கு நம்மள குஷிப்படுத்தற குணம் ஊறிப்போயிருக்கு. 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடில ஒரு அப்டேட் வந்து எதச் சொன்னாலும் ஆஹா ஓஹோன்னு பாராட்ட ஆரம்பிச்சி, கடைசில அவங்களே அத வாபஸ் வாங்குனாங்க. மாமியார்கிட்ட சண்டை போட்டுட்டு வந்து சொன்னீங்கன்னா மாமியார்தான் தப்புன்னு சொல்லும். மாமியார் வந்து சொன்னா நீங்கதான் தப்புன்னு சொல்லும். அதனால எந்த குடும்ப சண்டைய சொன்னாலும் கடைசில "இத அவங்க வாயால சொன்னா எப்படி சொல்லுவாங்க"ன்னு ஒரு தரம் கேளுங்க, கசக்கும், ஆனா பிரயோஜனம்.

அப்புறம் நம்ம பேச்சு. ரோமன் எழுத்துல தமிழ், நடுவுல மலாய், எல்லாம் ஓரளவு புரிஞ்சிக்கும், அதுக்கு கவலப்படாதீங்க. ஆனா நாம கஷ்டத்த நேரா சொல்ற ஜனம் இல்லியே. "பேசாம போய்ச் சேந்தா தேவல"ன்னு பாட்டி சொன்னா வீட்ல எல்லாருக்கும் புரியும், மெஷின் அத ஊருக்கு போறதா எடுத்துக்கிட்டாலும் ஆச்சரியம் இல்ல. சுத்தி வளைக்காம எழுதுங்க: "ரெண்டு வாரமா சாப்பாடு எறங்கல, காலைல எந்திரிக்க முடியல, உயிரோட இருக்க புடிக்கல." எழுதும்போது கை நடுங்குனா பரவால்ல, இதே வார்த்தையத்தான் நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லப் போறோம்.

நாலாவது: என்ன வேலை குடுக்கறது

கொட்டித் தீக்கறது ஒரு வேலை, சரி. ஆனா அதோட நின்னா நாளைக்கும் அதையே கொட்டுவோம். இது நெஜமா நல்லா செய்ற வேலை ஒண்ணு இருக்கு, நெனப்ப எடுத்து டேபிள் மேல வெச்சு பிரிச்சு பாக்கறது. 1960கள்ல ஆரன் பெக்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச வழி, இப்ப சிபிடின்னு சொல்றாங்க, உலகம் பூரா இதான் ஓடுது.

உதாரணத்துக்கு, காலைல கிலாங்ல, அதான் பேக்டரில, சூப்பர்வைசர் மொகத்த திருப்பிக்கிட்டு போனாரு. அன்னிக்கு பூரா வேலைல கை ஓடல, ராத்திரி தூக்கம் இல்ல. பாட்கிட்ட சொல்லுங்க, "இத நெனப்பு டைரி மாதிரி ஒவ்வொண்ணா கேட்டு எழுது"ன்னு. நடந்தது என்ன: மொகத்த திருப்பினாரு. மனசு என்ன சொல்லுச்சு: வேலைய விட்டு தூக்கப் போறாங்க, காருக்கு மாசக்காசு கட்ட முடியாது, மானம் போச்சு. ஒடம்புல என்ன: நெஞ்சு படபடப்பு. அந்த நெனப்புக்கு ஆதாரம் என்ன: போன மாசம் ரெண்டு பேர நிறுத்துனாங்க. எதிரா என்ன: நேத்துதான் ஓவர்டைம் குடுத்தாரு. வேற என்ன காரணம் இருக்கலாம்: அவருக்கே மேலேருந்து டோஸ் விழுந்திருக்கலாம். பாருங்க, மொகத்த திருப்பினது ஒரு வரி, மீதி மூணு வரி நாம சேத்தது. இத ஆம்பளைங்க செய்யும்போது மொதல்ல சிரிப்பாங்க, அப்புறம் அவங்கதான் அதிகம் செய்வாங்க.

இன்னொரு வேலை, சின்ன சின்னதா எந்திரிச்சி நடமாட வெக்கறது. மனச்சோர்வுல "மனசு சரியானதும் செய்யலாம்"னு படுத்திருப்போம், ஆனா அது தலைகீழ், செஞ்சாத்தான் மனசு கொஞ்சம் நகரும். "எனக்கு ராத்திரி ஷிப்ட், பகல்ல தூங்கணும், மோட்டார்சைக்கிள் இல்ல, காசு செலவாகக் கூடாது, ஒரு நாளைக்கு பத்து நிமிஷம் மட்டும், ஒரு வாரத்துக்கு என்ன செய்யலாம்"னு கேளுங்க. இப்படி கட்டு போட்டு கேட்டாத்தான் ஜிம்முக்கு போன்னு சொல்லாம கருவேப்பிலை செடிக்கு தண்ணி ஊத்துன்னு சொல்லும்.

கடன் தொல்லையால மனசு ஒடஞ்சிருக்குன்னா மூச்சு பயிற்சி எவ்ளோ பண்ணாலும் வட்டிக்கு விடுற ஆலோங் வந்து கதவ தட்டத்தான் செய்வான். பேங்க் கடன், கார்டு கடன்னா அகேபிகேன்னு, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்ச கடன் ஆலோசனை அமைப்பு இருக்கு, எலவசமா ஒக்காந்து கணக்கு பாத்து தருவாங்க. பாட்கிட்ட கடன் லிஸ்ட்ட வரிசைப்படுத்தி எழுத மட்டும் சொல்லுங்க, அத எடுத்துக்கிட்டு அங்க போங்க.

அஞ்சாவது: நேரக் கணக்கு

இருபது நிமிஷம் அலாரம் வைங்க, அடிச்சதும் மூடுங்க. மறுநாள் புது சாட் தொறங்க, பழசையே நீட்டாதீங்க. இது சும்மா சொல்றது இல்ல. 2025 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவுல 16 வயசு பையன் ஒருத்தன் தற்கொலை பண்ணிக்கிட்டான்னு பெத்தவங்க ஓப்பன்ஏஐ மேல கேஸ் போட்டாங்க, அவன் மாசக்கணக்கா அதுகிட்ட பேசியிருக்கான். அந்த சமயத்துல கம்பெனியே ஒத்துக்கிட்ட விஷயம், பேச்சு ரொம்ப நீளமா போச்சுன்னா பாதுகாப்பு கட்டுப்பாடு எல்லாம் தளர்ந்து போகலாம்னு.

ஒரே கேள்விய திரும்பத் திரும்ப கேக்கறீங்களா? "எனக்கு கேன்சரா", "கதவ பூட்டுனேனா", "அவ என்ன விட்டு போயிருவாளா"ன்னு? பாட்டுக்கு சலிப்பே வராது, நூறு தரம் கேட்டாலும் நூறு தரம் ஆறுதல் சொல்லும், அதான் வெனை. பயம் அதுலயே வளரும். ரெண்டு தடவைக்கு மேல ஒரே கேள்வின்னா அந்த கேள்விய பேப்பர்ல எழுதி டாக்டருக்குன்னு வைங்க.

அப்புறம் மாத்திரை. ஏற்கனவே ஆஸ்பத்திரி மருந்து சாப்புடறவங்க அளவ கொறைக்கலாமா நிறுத்தலாமான்னு இதுகிட்ட கேக்கவே கேக்காதீங்க. மருந்து கவுண்டர்ல இருக்குற பார்மசிஸ்ட்ட கேளுங்க, ஓசிதானே.

புள்ளைங்க, பெருசுங்க

எஸ்பிஎம் பரீட்சை எழுதுற வயசு பசங்க கையில இருக்கறது சாட்ஜிபிடியோட நிக்காது, கேரக்டர் மாதிரி, காதலி மாதிரி பேசுற ஆப்பும் இருக்கு. கேரக்டர்.ஏஐ 2025 நவம்பர்ல 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க அதுங்ககூட இஷ்டத்துக்கு பேசுறத நிறுத்திட்டாங்க, ஆனா அந்த மாதிரி வேற நெறைய சுத்துது. போனை புடுங்குனா ஒளிச்சி வெச்சு பேசுவாங்க. "அதுகிட்ட என்ன பேசுவ, எனக்கும் காட்டேன்"னு கேட்டு கூட ஒக்காருங்க. சாட்ஜிபிடில பெத்தவங்க கன்ட்ரோல் 2025 செப்டம்பர்லேருந்து இருக்கு, ரெண்டு அக்கவுண்ட்டையும் சேத்து வெக்கலாம், அதையும் புள்ளைக்கு சொல்லிட்டே செய்ங்க.

பெருசுங்களுக்கு வேற பிரச்சன, டைப் பண்ண வராது. வாய்ஸ்ல பேசலாம். ஆனா எனக்கு தோணறது, புள்ளைங்க எல்லாம் சிங்கப்பூர்லயும் பினாங்குலயும் இருக்க தனியா கெடக்குற ஆயாவுக்கு பேசுற போனை செட் பண்ணி குடுத்துட்டு நம்ம கடமை முடிஞ்சிச்சுன்னு இருக்கறது சரியில்ல. ஞாயித்துக்கிழமை ஒரு கால் பண்ணுங்கப்பா.

கடைசி படி: அரை பக்கம் எழுதி வாங்கி கிளினிக் போறது

என்னக் கேட்டா மேல சொன்னது எல்லாமே இதுக்குத்தான். நம்மாளுங்க டாக்டர் முன்னாடி ஒக்காந்தா என்ன ஆகுது? தமிழ்ல யோசிச்சு மலாய்ல சொல்லணும், வெளிய அம்பது பேரு காத்திருக்காங்க, "தலவலி டொக்டர்"னு சொல்லிட்டு பனடோல் வாங்கிட்டு வந்துருவோம். அங்கதான் பாட் கை குடுக்கும்.

ஒரு வாரம் பேசுனப்புறம் இப்படி கேளுங்க: "டாக்டர்கிட்ட காட்ட அரை பக்கம் மலாய்ல எழுது. எப்ப ஆரம்பிச்சது, தூக்கம், சாப்பாடு, வேலை எப்படி பாதிக்குது, சாகணும்னு நெனப்பு வந்துச்சா, என்ன மருந்து சாப்புடறேன், குடிப்பழக்கம். நான் சொல்லாதத சேக்காத." டெம்பரரி சாட்லயோ வேற வேற சாட்லயோ பேசியிருந்தா அதுக்கு பழசு தெரியாது, கேட்டு கேட்டு எழுதச் சொல்லுங்க. எழுதுனத தமிழ்லயும் வாங்கி வரி வரியா பாருங்க, சொந்த சரக்க சேத்திருந்தா வெட்டுங்க, அப்புறம் கையாலயே பேப்பர்ல எழுதிக்கங்க.

கூடவே பிஎச்கியூ-9னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, அதையும் போட்டு பாக்கலாம். ஒம்பது கேள்வி, போன ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 3, மொத்தம் 27. 10ம் அதுக்கு மேலயும்னா கண்டிப்பா டாக்டர பாக்கணும். ஒம்பதாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கற நெனப்ப பத்தி, அதுல 0 தவிர எது வந்தாலும் மொத்த மார்க்க பாக்காதீங்க, போங்க. மார்க்கு நோய முடிவு பண்ணாது, டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஏன்னா தைராய்டு, ரத்தசோகை, சக்கரை இதெல்லாம்கூட ஒடம்ப சோரவெச்சு மனச்சோர்வு மாதிரியே காட்டும், ரத்தம் எடுத்து பாக்க பாட்டால முடியுமா?

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல நம்ம குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். ஐசி எடுத்துக்கங்க. கவுண்டர்ல மாமா பொண்ணு இருந்தா கதையெல்லாம் சொல்ல வேணாம், "சூசா தீடோர், நாக் ஜும்பா டொக்டர்", தூக்கம் வரல டாக்டர பாக்கணும்னு அவ்ளோ போதும், பொய்யும் இல்ல. உள்ள போயி கதவ சாத்துனப்புறம் பேப்பர நீட்டுங்க. தேவைப்பட்டா பெரிய ஆஸ்பத்திரி மனநல பிரிவுக்கோ மெந்தாரிங்கற சமூக மனநல சென்டருக்கோ லெட்டர் குடுப்பாங்க, அங்க ஆஸ்பத்திரில படுக்க வெக்காமயே கவுன்சலிங், வேலைக்கு திரும்ப உதவி எல்லாம் உண்டு. கைல அந்த லெட்டர் வந்ததும் போட்டோ எடுத்து வைங்க, தேதிய போன்ல ரிமைண்டர் போடுங்க, முந்தின நாளும் ஒண்ணு, அன்னிக்கு காலைலயும் ஒண்ணு. அப்பாயின்மெண்ட் ரெண்டு மாசம் தள்ளி கெடைச்சிச்சுன்னா நடுவுல இருபது நிமிஷக் கணக்கு அப்படியே ஓடட்டும், நெலம மோசமானா தேதிக்கு காத்திருக்காம அதே கிளினிக்குக்கு திரும்ப போயி "தாம்பா தெருக்", முன்னவிட மோசம்னு சொல்லுங்க, பாப்பாங்க.